ஒளிரும் கணவாய்க்குள் வாழும் பாக்டீரியாவுக்கு இரும்பு எங்கிருந்து கிடைக்கிறது?

கரையோர_மாணவி (இரவு 11:42)

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கடல் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்ட், ஒளிரும் பாக்டீரியா. துறைமுகத்தில் இறங்கிய ஊசிக் கணவாய் இரண்டு வாங்கி, 3 சதவீத உப்பு நீரில் பாதி மூழ்கும்படி தட்டில் வைத்து, ஏசி அறையில் விட்டேன். இரண்டாம் நாள் இரவு விளக்கை அணைத்துக் கண் பழகும்வரை பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தால், தோல் மேல் நீலப் பச்சையாகப் புள்ளி புள்ளியாக ஒளி. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. அதிலிருந்து ஆறு காலனிகளைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

இவை இரும்பைப் பிடிக்கும் சிடரோஃபோர் சுரக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார் கைடு. சி.ஏ.எஸ். ஆகர் ஊற்றி, ஆறையும் வைத்தேன். நான்கு நாள் ஆகிறது. பிளேட் ஊற்றியபோது பேனா மை நிறத்தில் இருந்தது, இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு காலனியைச் சுற்றிக்கூட ஆரஞ்சு வளையம் இல்லை.

இரண்டு கேள்விகள். எங்கே தப்பு செய்தேன்? அப்புறம், கணவாயின் ஒளி உறுப்புக்குள் சொகுசாக வாழும் பாக்டீரியாவுக்கு எல்லாவற்றையும் கணவாயே கொடுத்துவிடாதா? சிடரோஃபோர் எதற்கு?

உப்பளம் (இரவு 11:58)

முதலில் ஒன்று சொல்லுங்கள் தங்கச்சி. ஃபிளாஸ்க்கைக் கடைசியாக எந்தத் தண்ணீரில் அலசினீர்கள்? ஆகருக்குள் சாப்பாடாக என்ன போட்டீர்கள்?

கரையோர_மாணவி (இரவு 12:05)

குழாய்த் தண்ணீர் அண்ணா. எங்கள் லேபுக்கு போர் தண்ணீர்தான் வரும். கடைசியில் ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர். சாப்பாட்டுக்குப் பெப்டோனும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும்.

உப்பளம் (காலை 6:20)

அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. உங்கள் பாக்டீரியா பசியிலேயே இல்லை.

சி.ஏ.எஸ். என்பது குரோம் அஸூரால் எஸ் என்ற சாயம். இரும்போடு சேர்ந்திருக்கும்போது நீலம், இரும்பு பறிபோனால் ஆரஞ்சு. 1987இல் ஷ்வின், நீலாண்ட்ஸ் இருவரும் கொண்டுவந்த முறை. சாயத்தைவிட இறுக்கமாக இரும்பைப் பற்றும் பொருளை பாக்டீரியா வெளியே விட்டால்தான் நிறம் மாறும். ஆனால் அந்தப் பொருளைச் செய்யச் செல்லுக்குச் செலவு உண்டு. அதனால் கையில் இரும்பு இருக்கும்வரை செய்யாது. ஃபர் என்றொரு புரதம் செல்லுக்குள் காவல் இருக்கிறது. இரும்பு போதுமான அளவு இருந்தால் அது இரும்போடு சேர்ந்து டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, சிடரோஃபோர் மரபணுக்களை மூடி வைக்கும். இரும்பு குறைந்தால் எழுந்துவிடும், மரபணு திறக்கும். பெப்டோனிலும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டிலும் இரும்பு இருக்கிறது. போர் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம், பக்கெட்டில் பழுப்புக் கறை படிகிறதே, அது இரும்புதான்.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஆறு மாதம் இதே சுவரில் முட்டினேன். எல்லா ரசாயனமும் புதிது, கல்ச்சர் நல்லது, வளையம் வரவில்லை. கடைசியில் பார்த்தால் மீடியாவைக் கலக்க நான் பயன்படுத்திய ஸ்டீல் ஸ்பேச்சுலாவின் நுனியில் துரு. அன்றிலிருந்து கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு இரவு ஊறவைத்து, டீஅயனைஸ்டு நீரில் ஆறேழு தடவை அலசுவேன். பிளாஸ்டிக் ஸ்பேச்சுலா மட்டும்தான்.

இன்னொன்று. சி.ஏ.எஸ். ஆகரில் எச்.டி.டி.எம்.ஏ. என்ற சோப்பு மாதிரிப் பொருள் உண்டு. பல பாக்டீரியாக்களுக்கு அது ஆகாது. அதனால் முதலில் இரும்பு குறைந்த சாதாரண உப்பு ஆகரில் வளர்த்து, பிறகு அதன் மேல் சி.ஏ.எஸ். கலவையை மெல்லிய போர்வையாக ஊற்றுங்கள். பாஸ்பேட்டைக் குறையுங்கள், அதுவும் இரும்பைப் பிடித்து உங்களை ஏமாற்றும். காலனி வைக்காத வெறும் பிளேட் ஒன்று பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மைக்ரோ_குமார் (காலை 9:10)

உப்பளம் அண்ணன் சொன்ன லேப் விஷயத்தில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாணவியின் இரண்டாவது கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இந்தத் துறையில் எல்லோரும் பார்க்கும் ஜோடி ஹவாய்த் தீவுகளின் குட்டைவால் கணவாயும் விப்ரியோ ஃபிஷெரி என்ற ஒளிரும் பாக்டீரியாவும்தான். வளர்ந்த கணவாயே கட்டைவிரல் அளவு. பகலில் மணலுக்குள் புதைந்திருக்கும், இரவில் இரை தேடும். வயிற்றுப் பக்கம் ஒளி உறுப்பு. மேலிருந்து விழும் நிலவொளிக்கு ஈடாகக் கீழே ஒளி விட்டால், அடியில் இருப்பவனுக்கு இதன் நிழல் தெரியாது. முட்டையிலிருந்து வரும்போது குஞ்சின் ஒளி உறுப்புக்குள் இந்த பாக்டீரியா ஒன்றுகூட இல்லை, சில மணி நேரத்தில் கடல் நீரிலிருந்து பிடித்துக்கொள்கிறது.

உள்ளே போனபின் சாப்பாடு? 1998இல் கிராஃப், ரூபி இருவரும் அமினோ அமிலம் தானாகச் செய்ய முடியாத மரபணு மாற்றிய விப்ரியோக்களை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பல வகைகள் நன்றாகவே வளர்ந்தன. அதாவது அமினோ அமிலங்களைக் கணவாய் தருகிறது. 2010இல் வியர் குழு நாளின் வெவ்வேறு நேரங்களில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று பார்த்தது. விடியலுக்குப் பிறகு கணவாயின் செல் சவ்விலிருந்து வரும் கிளிசரால், இரவில் கைட்டின். இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின்தான், இங்கே கணவாயின் இரத்தச் செல்கள் சுமந்துகொண்டு வந்து கொட்டுகின்றன. பாக்டீரியா அதை நொதிக்கவைத்து அமிலம் விடுகிறது. அமிலச் சூழலில் கணவாயின் இரத்தம் ஆக்சிஜனை எளிதில் இறக்கிவிடும். ஒளி வினைக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக, தீனி போட்டு வெளிச்சம் வாங்குகிறது. இவ்வளவும் கொடுக்கும் வீட்டுக்காரர் இரும்பை மட்டும் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

ஆழி (மதியம் 1:35)

குமார் அடுக்கிய ஆய்வுகள் எல்லாம் சரி. ஆனால் இரும்பு அமினோ அமிலம் மாதிரி இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பாக்டீரியா செல்லுக்குச் சுமார் 10 லட்சம் இரும்பு அணு தேவை, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் அளந்த கணக்கு இது. வளர்ந்த கணவாயின் ஒளி உறுப்பில் குறைத்து வைத்தாலும் 10 கோடி செல். பெருக்கினால் 100 லட்சம் கோடி அணு, அதாவது 0.17 நானோமோல். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். கடல் நீரில் கரைந்திருக்கும் இரும்போ திறந்த கடலின் மேல்பரப்பில் பெரும்பாலும் 1 நானோமோலாருக்கும் கீழே. 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 330 மில்லி கடல் நீரில் ஒரு அணு விடாமல் வழித்தெடுத்தால்தான் அந்த இரும்பு சேரும். கட்டைவிரல் அளவு உயிர் அது! கரையோரத்தில் இரும்பு கூடுதல்தான், கணவாய் இறாலும் தின்கிறது. இருந்தாலும் இந்தத் தேவை வாழ்நாளுக்கு ஒரு முறை வருவதில்லை. தினமும் விடியற்காலை உள்ளே இருக்கும் பாக்டீரியாவில் 95 சதவீதம் போலக் கணவாய் வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சமிருக்கும் 5 சதவீதம் அன்றைக்கே நான்கைந்து முறை இரட்டித்து உறுப்பை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு நாளும் புது இரும்பு.

கடலில் ஏன் இவ்வளவு பஞ்சம்? பூமியின் மேலோட்டில் இரும்புக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆக்சிஜன் கலந்த, பி.எச். 8 இருக்கும் நீரில் இரும்பு துருவாகி அடியில் படிந்துவிடும். கரைந்திருக்கும் கொஞ்சத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் ஏதோ ஒரு கரிமப் பொருளின் பிடியில் இருக்கிறது. எனவே கடல் பாக்டீரியா எதுவானாலும் இரும்புக்குச் சொந்தமாக ஒரு வழி வைத்திருந்தே ஆக வேண்டும். விப்ரியோ ஃபிஷெரியின் வழி ஏரோபாக்டின் என்ற சிடரோஃபோர். வெளியே போய் இரும்பைக் கவ்வும், திரும்பி வரும், வெளிச் சவ்வில் அதற்கென்றே உள்ள ஏற்பி பிடித்துக்கொள்ளும். வெளிச் சவ்வில் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. கிடையாது. அதனால் உள் சவ்விலிருந்து டான்பி என்ற புரதம் கை நீட்டி விசையைக் கொடுத்து உள்ளே இழுக்கிறது.

கணவாய்க்குள் இது தேவைப்படுகிறதா என்றும் சோதித்திருக்கிறார்கள். அதே கிராஃப், ரூபி, 2000ஆம் ஆண்டு. ஜிஎல்என்டி என்ற மரபணு உடைந்த விப்ரியோவுக்கு நைட்ரஜனைக் கையாளுவதில் மட்டும் கோளாறு வரும் என்று எதிர்பார்த்தார்கள். இரும்பு எடுப்பதிலும் கோளாறு வந்தது, கணவாய்க்குள் நிலைத்து நிற்கவும் முடியவில்லை. கணவாய் தாராளமாக இரும்பை ஊற்றிக்கொடுத்தால் இந்த உடைசல் இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது.

மைக்ரோ_குமார் (மதியம் 2:20)

ஒரு மரபணு இரண்டு வேலையைக் கெடுத்திருக்கிறதே? நிலைக்காமல் போனது நைட்ரஜனாலா இரும்பாலா என்று எப்படிப் பிரிப்பது? இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர என்னால் முடியவில்லை.

ஆழி (மதியம் 3:05)

நல்ல கேள்வி. அதனால்தான் 2011இல் செப்டர் குழு செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். அவர்கள் எடுத்தது ஹீம் உள்ளிழுக்கும் மரபணுத் தொகுதி. ஹீம் என்றால் நடுவில் இரும்பு உட்கார்ந்திருக்கும் வளையம், நம் இரத்தச் சிவப்பின் காரணம். நைட்ரஜனோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. அந்தத் தொகுதியை இழந்த விப்ரியோவையும் இழக்காததையும் ஒன்றாகக் கணவாய்க்குள் விட்டால், இழந்தது பின்தங்குகிறது. அந்தத் தொகுதி ஃபரின் காவலில் இருப்பதையும் காட்டினார்கள்.

மைக்ரோ_குமார் (மதியம் 3:15)

ஆனால் கணவாயின் இரத்தம் நீலம். ஹீமோசயனின், செம்பு. ஹீமோகுளோபினே இல்லாத விலங்குக்குள் ஹீம் எங்கே கிடைக்கும்?

ஆழி (மாலை 5:50)

இரத்தம்தான் நீலம். செல்கள் நம்மைப் போலத்தான். மூச்சுவிடும் எந்தச் செல்லானாலும் அதன் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் என்ற புரதம் இருக்கும், ஒவ்வொரு சைட்டோகுரோமிலும் ஹீம். ஒளி உறுப்பின் உட்சுவர்ச் செல்கள் உதிர்கின்றன, இரத்தச் செல்களும் அந்த இடுக்குகளுக்குள் வந்து சேர்கின்றன. இன்னும் சொன்னால், ஒளி உறுப்பில் கணவாய் வைத்திருக்கும் பெராக்சிடேஸ் நம் வெள்ளை அணுக்களில் இருக்கும் மயலோபெராக்சிடேஸின் சொந்தக்காரன். மயலோபெராக்சிடேஸ் ஒரு ஹீம் நொதி.

அந்தப் பெராக்சிடேஸ் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்து, வேண்டாத பாக்டீரியாவைக் கொல்லும் பொருளைச் செய்கிறது. இப்போது இரும்பை அங்கே வையுங்கள். இரும்பும் பெராக்சைடும் சந்தித்தால் ஃபென்டன் வினை நடக்கும், ஹைட்ராக்சில் ரேடிக்கல் வரும், டி.என்.ஏ.வை வெட்டும். கணவாயின் வாசல் சளியில் நைட்ரிக் ஆக்சைடும் இருக்கிறது. அதை விப்ரியோ எச்-நாக்ஸ் என்ற புரதத்தால் முகர்ந்து, இரும்பு எடுக்கும் மரபணுக்களை அடக்கிவைக்கிறது. 2010இல் யான்லிங் வாங் குழு காட்டியது இது. அதாவது ஆபத்தான வாசலைக் கடக்கும்போது பையில் இரும்பு வைத்துக்கொள்ளாதே, உள்ளே போனபின் எடுத்துக்கொள். பாக்டீரியா இவ்வளவு நிதானமாக நடந்துகொள்கிறது என்று முதன்முறை படித்தபோது அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை எனக்கு.

கேட்டது எல்லாம் கொடுக்கும் வீடு என்று நாம் நினைக்கிறோம். அமினோ அமிலத்தில் அது உண்மை. இரும்பில் கணவாய் கையை இறுக்கித்தான் வைத்திருக்கிறது, ஏனென்றால் இரும்பைத் திறந்துவிட்டால் எல்லா விப்ரியோவும் ஓடிவரும். நோய் தரும் விப்ரியோ வல்னிஃபிகஸ் பற்றி மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதனால்தான். உடலில் இரும்பு அதிகமாகச் சேர்ந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் பச்சை ஆளியைத் தின்றால் அது உயிரையே எடுக்கும். உறவாடுபவனும் நோய் தருபவனும் ஏறக்குறைய ஒரே கருவியைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

கரையோர_மாணவி (இரவு 9:30)

ஆழி அக்கா, இதை இரண்டு தடவை படித்தேன். ஒரு சந்தேகம். இரும்பு குறைந்தால் ஒளி குறையும் என்றுதானே நாம் நினைப்போம்? என் காலனிகள் பெப்டோன் பிளேட்டைவிட, காய்ந்துபோன பழைய பிளேட்டில்தான் நன்றாக ஒளிர்ந்தன.

ஆழி (இரவு 10:10)

காய்ந்த பிளேட்டில் இரும்பு மட்டுமா மாறியிருக்கும், உப்பும் கூடியிருக்கும், செல்களும் நெருங்கியிருக்கும். அதனால் அதை வைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் உங்கள் உள்ளுணர்வு சரியான பக்கம்தான் போகிறது. 1985இல் ஹேகுட், நீல்சன் இருவரும் விப்ரியோ ஃபிஷெரிக்கு இரும்பைக் கட்டுப்படுத்தினார்கள். செல் வளர்ச்சி குறைந்தது, ஒளியோ சீக்கிரம் தொடங்கியது. மூச்சுச் சங்கிலியின் சைட்டோகுரோமுக்கு இரும்பு வேண்டும், ஒளியை உண்டாக்கும் லூசிஃபெரேஸ் நொதிக்கு இரும்பு வேண்டாம். இரும்பு இல்லாத ஒரு வழியில் ஆக்சிஜனைச் செலவழிக்க அதனால் முடிகிறது. கணவாய் இரும்பை இறுக்கிப் பிடிப்பதும் விளக்கு எரிவதும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் கவனியுங்கள்.

பழவேற்காட்டான் (இரவு 10:45)

நான் படித்தவன் இல்லை, படகுக்காரன். ஆனால் நீங்கள் ஹவாய் வரை போகத் தேவையில்லை. நம் காரப்பொடி இருக்கிறதே, அதற்குள்ளும் இந்த வெளிச்சம் உண்டு. அப்பாவோடு விடியுமுன் வலை உதறும்போது, புதுசாகச் செத்த காரப்பொடியைக் கீறினால் தொண்டைக்குக் கீழே மோதிரம் மாதிரி ஒரு வளையம் மங்கலாக மின்னும். விடிந்தபிறகு தெரியாது. அதுவும் பாக்டீரியாதானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பழைய மரப்படகின் அடிப்பலகையை உடைத்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டையாக இருக்கும், விரல் தடிமனுக்கு வழவழவென்று புழு. வெறும் மரத்தைத் தின்று அது எப்படி இவ்வளவு கொழுக்கிறது? மரத்தில் என்ன சத்து?

ஆழி (இரவு 11:30)

படித்தவர் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள் அண்ணே. காரப்பொடியின் அந்த வளையம் உணவுக்குழாயைச் சுற்றி இருக்கும் ஒளி உறுப்பேதான். உள்ளே இருப்பது ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னதி. அந்தப் பெயரே காரப்பொடியின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது.

மரப்புழு உண்மையில் புழு இல்லை, சிப்பி இனம். தலைப்பக்கம் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளால்தான் மரத்தை அரத்தால் ராவுவது போல் ராவும். மரத்தில் சர்க்கரை ஏராளம், நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது அதன் செவுள் செல்களுக்குள் வாழும் டெரெடினிபாக்டர் டர்னெரே. மரத்தைக் கரைக்கும் நொதியும் தருகிறது, நீரில் கரைந்த நைட்ரஜனை எடுத்துச் சத்தாகவும் மாற்றுகிறது. 1983இல் பிரித்தெடுத்தார்கள். வாழ்நாள் முழுவதும் இந்தச் சிப்பிகளைப் படித்த ரூத் டர்னரின் பெயர் பிறகு அதற்கு வைக்கப்பட்டது.

இங்கேயும் இரும்புதான் முட்டுக்கட்டை. நைட்ரஜனைச் சத்தாக மாற்றும் நைட்ரஜனேஸ் நொதி ஒரு முழு அமைப்பாகச் சேர 38 இரும்பு அணு வேண்டும். மரத்துக்குள் வாழும் உயிருக்கு அவ்வளவு இரும்பு எங்கே? அதனால் இந்த பாக்டீரியா டர்னர்பாக்டின் என்ற சிடரோஃபோரைச் செய்கிறது. 2013இல் அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். இரும்பு குறைந்த இடத்தில் அது இல்லாவிட்டால் பாக்டீரியா பிழைக்காது.

உப்பளம் (இரவு 11:55)

சிடரோஃபோர் என்றாலே பறிக்கும் கருவி என்று நினைக்க வேண்டாம், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரினோபாக்டர் என்ற பாக்டீரியா, ஒரு செல் பாசிகளோடு ஒட்டி வாழ்வது. அது விடும் சிடரோஃபோர் விப்ரியோஃபெரின். மற்ற கடல் சிடரோஃபோர்களோடு ஒப்பிட்டால் பிடி தளர்வு. வெயில் பட்டால் உடைந்தும் போகும். 2009இல் அமின் குழு இதை எடுத்துப் பார்த்தது. பகலில் வெயில் அதை உடைக்கும்போது இரும்பு சிறிது நேரம் கரைந்த நிலையில் விடுபடுகிறது. பாக்டீரியாவும் எடுக்கிறது, பக்கத்துப் பாசியும் எடுக்கிறது. பாசி அந்த இரும்பை வைத்து ஒளிச்சேர்க்கை செய்து, கரிமச் சத்தைக் கசியவிடுகிறது, அதை பாக்டீரியா சாப்பிடுகிறது. பிடி தளர்வாக இருப்பதுதான் அங்கே ஆதாயம்.

மைக்ரோ_குமார் (மறுநாள் காலை 8:40)

ஹீம் ஆய்வைத் தேடிப் படித்துவிட்டேன். இரும்பைப் பொறுத்தவரை என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கணவாய் பரிமாறவில்லை, பாக்டீரியா தானே எடுக்கிறது.

படிக்கும்போது இன்னொன்றும் கிடைத்தது. 2020இல் ஐக்ஹாஃப், பாஸ்லர் இருவரும் விப்ரியோ ஃபிஷெரியையும் விப்ரியோ ஹார்வியையும் ஒன்றாக வளர்த்திருக்கிறார்கள். ஃபிஷெரியின் ஏரோபாக்டின் இரும்பையெல்லாம் வளைத்துக்கொண்டு ஹார்வியை வளரவிடாமல் செய்கிறது. ஆகச் சிடரோஃபோர் கணவாயிடமிருந்து இரும்பு வாங்க மட்டும் இல்லை, போட்டிக்கு வருபவனைப் பட்டினி போடவும்தான். மாணவிக்கு ஒரு யோசனை: ஆறு காலனிகளையும் தனித்தனியாகப் பார்த்தபின், இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்தும் பாருங்கள்.

கரையோர_மாணவி (12 நாள் கழித்து, இரவு 8:15)

மன்னிக்கவும், பதில் போடத் தாமதமாகிவிட்டது. ஃபிளாஸ்க், பிப்பெட், மூடி எல்லாவற்றையும் அமிலத்தில் ஊறவைத்தேன். லேப் அண்ணா கேட்டார், எதற்கு இவ்வளவு பாடு என்று. உப்பு, குளூக்கோஸ், இரும்பு நீக்கிய காஸமினோ அமிலம் மட்டும் போட்டு ஆகர் ஊற்றினேன். காலனிகள் ஊசிமுனை அளவுதான் வந்தன, பெப்டோனில் வந்ததில் கால்வாசிகூட இல்லை. மூன்றாம் நாள் மேலே சி.ஏ.எஸ். போர்வை ஊற்றினேன்.

முதல் அரை மணி ஒன்றும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நான்காம் எண் காலனிக்கு அடியில் நீலம் வெளுத்திருந்தது. இரவு ஏழு மணிக்கு ஆறில் நான்கைச் சுற்றித் தெளிவான ஆரஞ்சு வளையம், நான்காம் எண்ணுடையது எட்டு மில்லிமீட்டர். காலனி வைக்காத பிளேட் முழுக்க நீலமாகவே இருக்கிறது. இரும்பு சேர்த்து வளர்த்த பிளேட்டில் ஒன்றுக்கும் வளையம் இல்லை. மீதி இரண்டுக்கும் எதிலுமே வளையம் இல்லை. ஆனால் இருட்டில் பார்த்தால் அந்த இரண்டும்தான் மற்ற நான்கையும்விடப் பளிச்சென்று ஒளிர்கின்றன.

ஆழி (இரவு 8:22)

அந்த இரண்டையும் பத்திரமாக வையுங்கள். இன்றைக்கே கிளிசரால் ஸ்டாக் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நாளைக்கு ஹீம் வகைப் பொருளான ஹீமினைச் சேர்த்த பிளேட் ஒன்று ஊற்றுங்கள், தானாகச் சிடரோஃபோர் செய்யாதவை வேறு எதைத் தின்று பிழைக்கின்றன என்று அதிலிருந்து தொடங்கலாம்.

பழவேற்காட்டான் (இரவு 9:05)

பாப்பா, காரப்பொடி வேண்டுமென்றால் சொல்லு. விடியுமுன் கரைக்கு வந்தால், வலையிலிருந்து எடுத்த கையோடு ஐஸ் பெட்டியில் போட்டுத் தருகிறேன்.